சீந்திற்கொடியும் வாவியிறாலும்

மட்டக்களப்பு வாவியின் வடபாகத்துக் கரையிலே, மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் ஏறாவூர் அமைந்துள்ளது. முஸ்லிம்களும் தமிழரும் அயலவராய் வாழும் இவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் ஒருவருக்குத் தடிமனோ காய்ச்சலோ கண்டால், வைத்தியசாலையை நாடுமுன் அடுப்பில் ஏறுவது கொத்தமல்லிக் குடிநீராகும். வேர்க்கொம்பும் மிளகும் உள்ளியும் அதனோடு சேரும். காய்ச்சல் நீடிப்பின் நிலவேம்பு, பற்படாகம், மரமஞ்சள், சீந்தில் என்பன ஒவ்வொன்றாக வந்து கூடும். இவ்வழக்கம் இப்பகுதிக்கு மட்டும் உரியதன்று. ஈழம் முழுவதற்கும் பொதுவானது. ஆயினும் 2020ஆம் ஆண்டிலே கொவிட் பெருந்தொற்று வந்து சேர்ந்தபோது இக்குடிநீர் வகைகளுக்குப் புதியதொரு பெயர் கிடைத்தது. அதுவரை 'காய்ச்சல் மருந்து' எனப்பட்டவை 'நிர்ப்பீடனத்தைத் தூண்டுபவை' எனப்படலாயின. பெட்டிகளிலும் போத்தல்களிலும் அத்தொடர் அச்சாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிலே கேகாலையில் வழங்கப்பட்ட ஒரு பாணியைப் பெறுவதற்கு, கூட்டங்கூடுதலே ஆபத்தாயிருந்த அந்நாளில், ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றமையை யாவரும் அறிவர்.

மூலிகைச்சாறு நிர்ப்பீடனத்தைத் தூண்டும் என்பது வெறும் வணிக வாசகமா, அன்றி அதற்கு அடிப்படை உண்டா? உண்டெனின், தூண்டப்படுவது எது? அதனைக் கண்டவர் யாவர்? தூண்டுதலால் விளைவது நன்மை மட்டுமா? இவ்வினாக்களை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவ நூலொன்றின் வேலையை நாம் இங்கு மேற்கொள்ளவில்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை. நம் பழைய வைத்திய நூல்களில் நிர்ப்பீடனம் என்ற கருத்து முன்னரே கூறப்பட்டுவிட்டது என நிறுவ முயல்வோர் நம்மிடையே பலர். அது பொருந்தாது. பழைய பரிகாரிகள் வாதம், பித்தம், சிலேற்பனம் என்றும், சூடு, குளிர் என்றும் உடலைப் பார்த்தனர். நோய் வருமுன் உடலை உறுதிப்படுத்தும் மருந்துகளைக் 'காயகற்பம்' என்ற தலைப்பில் வகுத்தனர். அவர்களுடைய அறிவு கண்ணாற் கண்டும் கையாற் பழகியும் பெற்ற அறிவு. அதன் பெருமை அதற்கே உரியது. குருதியிலுள்ள கலங்களைப் பற்றிய கூற்றை அதன்மேல் ஏற்றுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இலங்கையில் 1929ஆம் ஆண்டு சுதேச வைத்தியக் கல்லூரி கொழும்பில் தொடங்கப்பட்டபோதும், 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி ஆகியவற்றையும் தன்னுள் அடக்கி நிறைவேறியபோதும், இவ்வைத்திய முறைகள் தத்தம் சொற்களிலேயே தம்மை விளக்கிக்கொண்டன.

நிர்ப்பீடனம் பற்றிய நவீன அறிவின் தொடக்கம் ஒரு முள்ளில் இருக்கின்றது. 1882ஆம் ஆண்டின் இறுதியிலே, சிசிலித் தீவின் மெசினா நகரிற் கடற்கரை வீடொன்றில் இலியா மெச்னிக்கோவ் என்னும் உருசிய விலங்கியலாளர் தங்கியிருந்தார். வீட்டார் சர்க்கசு பார்க்கச் சென்றிருந்த வேளை, ஒளி ஊடுருவும் உடலையுடைய நட்சத்திரமீன் குடம்பிகளை அவர் நுணுக்குக்காட்டியில் நோக்கிக்கொண்டிருந்தார். உடலினுள் நகர்ந்து திரியும் கலங்கள் பகைப்பொருளை எதிர்க்கக்கூடுமோ என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. தோட்டத்து ரோசாச் செடியின் முட்களை எடுத்துக் குடம்பிகளிற் குத்தி வைத்தார். மறுநாட் காலையில் நகருங் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. இரண்டாண்டுகளின் பின், 1884இல், தப்னியா என்னும் நீர்த்தெள்ளினை அவர் ஆராய்ந்தார். அதன் உடலுட் புகுந்த பங்கசு வித்திகளைக் குருதிக்கலங்கள் விழுங்குவதைக் கண்டார். விழுங்கிய கலங்கள் வென்றபோது தெள்ளு பிழைத்தது, தோற்றபோது இறந்தது. நீர்த்தெள்ளு என்பது இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர். நிர்ப்பீடனவியலின் முதற் போர்க்களம் மனித உடலன்று, ஓர் இறாலினத்து உடலே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் வாவிக்குத் திரும்பும்போது இது பயன்படும்.

விழுங்குங் கலங்களை இன்று தின்குழியங்கள் என்கிறோம். ஆனால் அவற்றின் புகழ் நீடிக்கவில்லை. 1890இற் பேரிங்கும் கித்தசாத்தோவும், தொண்டைக்கரப்பன், ஏர்ப்புவலி ஆகியவற்றின் நஞ்சுகளை முறிக்கும் பொருள் குருதிநீரில் உண்டாவதைக் காட்டினர். இதுவே பிறபொருளெதிரி. ஒவ்வொரு பகைக்கும் ஒவ்வொரு பிறபொருளெதிரி. ஒருமுறை கண்ட பகையை உடல் மறவாது. இத்தகைய நுட்பத்தின்முன் எதனையும் கண்டவாறு விழுங்குங் கலங்கள் நாகரிகமற்றவையாகத் தோன்றின போலும். 1908ஆம் ஆண்டு நொபெற் பரிசு மெச்னிக்கோவுக்கும், பிறபொருளெதிரிக் கொள்கையின் தலைவர் போல் ஏர்லிக்குக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. பரிசு சமமாயினும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வுலகம் ஏர்லிக்கின் பக்கமே நின்றது. பிறவியிலேயே அமைந்து, பகை புகுந்த சில மணி நேரத்துள் எழும் பாதுகாப்பை இயல்பு நிர்ப்பீடனம் என்றும், பகையைக் கண்டபின் நாட்கள் சென்று உருவாவதைப் பெற்ற நிர்ப்பீடனம் என்றும் பிரித்துக் கூறுவர். முன்னது பாடநூல்களில் ஓரிரு பக்கங்களுக்குள் ஒடுங்கிற்று.

மூலிகைக்கும் இயல்பு நிர்ப்பீடனத்துக்கும் உள்ள உறவு ஆய்வுகூடத்தில் முதன்முதலாக வெளிப்பட்ட இடம் நாம் எதிர்பாராதது. பாரிசின் பாச்சர் நிறுவகத்தைச் சேர்ந்த கஸ்தோன் இராமோன் என்னும் கால்நடை வைத்தியர், தொண்டைக்கரப்பன் மருந்துக்காகக் குதிரைகளுக்கு ஊசி ஏற்றிவந்தார். ஊசி குத்திய இடத்தில் வீங்கிச் சீழ்கட்டிய குதிரைகளிலே நச்சுமுறி மிகுதியாக உண்டாவதை அவர் கவனித்தார். அவ்வீக்கத்தை வேண்டுமென்றே உண்டாக்கினால் என்ன என எண்ணி, 1925ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊசிமருந்தோடு பல பொருள்களைக் கலந்து பார்த்தார். அவற்றிலே மரவள்ளிமா இருந்தது, பாண்துகள் இருந்தது, கடற்பாசியிலிருந்து பெறும் அகார் இருந்தது, நுரைக்குந் தாவரப் பொருளாகிய சபோனினும் இருந்தது. பலன் கிடைத்தது. நம் பகுதியிற் பஞ்ச காலத்து உணவாக அறியப்படும் மரவள்ளி, நிர்ப்பீடனவியல் வரலாற்றில் இவ்வாறு இடம்பெறுமென யார் நினைத்திருப்பர்?

இவ்வாறு தடுப்புமருந்தோடு சேர்க்கப்படும் துணைப்பொருள்கள் ஏன் வேலைசெய்கின்றன என்பது அறுபதாண்டுகளுக்கு விளங்காதிருந்தது. 1989இல் அமெரிக்க அறிஞர் சாள்சு சேன்வே இதனை நிர்ப்பீடனவியலாரின் வெளியிற் சொல்லாத இரகசியம் எனக் குத்திக்காட்டி, அதற்கொரு விளக்கமுங் கூறினார். நுண்ணுயிர்களுக்குப் பொதுவான சில வேதிக் கோலங்களை அடையாளங் காணும் வாங்கிகள் இயல்பு நிர்ப்பீடனக் கலங்களில் இருத்தல் வேண்டும். அவை ஆபத்து எனக் கூறினாலன்றிப் பிறபொருளெதிரிப் படை எழாது என்பது அவர் கருத்து. ஊகமாகக் கூறப்பட்ட அவ்வாங்கிகள் விரைவிலே கண்டறியப்பட்டன. டோல் என்னும் வாங்கி இல்லாத பழ ஈக்கள் பங்கசு தொற்றி மடிவதை 1996இற் சூல்சு ஒஃப்மன் குழுவினர் காட்டினர். அதனையொத்த வாங்கியொன்று எலிகளிற் பற்றீரிய நஞ்சினை உணர்வதை 1998இற் புரூசு பொய்ற்லர் குழுவினர் நிறுவினர். இருவரும் 2011ஆம் ஆண்டின் நொபெற் பரிசைப் பெற்றோருள் அடங்குவர். சேன்வே அதற்கு முன்னரே, 2003இற் காலமாகிவிட்டார்.

இப்போது வாவிக்குத் திரும்புவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் செல்வங்களுள் ஒன்று இறால். இறாலின் உடலிற் பிறபொருளெதிரி தோன்றுவதில்லை. மெச்னிக்கோவின் நீர்த்தெள்ளினைப் போன்று அதற்கும் இயல்பு நிர்ப்பீடனம் ஒன்றே காவல். ஓடு கீறுண்ட இறாலிற் கரும்புள்ளி படிவதை வலை வீசுவோர் அறிவர். அது வெறும் அழுக்கன்று. காயத்தின் வழியே பகை புகாதவாறு பீனோலொட்சிடேசு என்னும் நொதியம் கருநிறப் பொருளை உண்டாக்கி வாயிலை அடைக்கின்றது. பனிக்கட்டியின்றி வைத்த இறாலின் தலை கறுத்துப் போவதும், இறந்த உடலில் அதே நொதியம் கட்டின்றிச் செயற்படுவதாலேயாம். இந்நொதியத்தை எழுப்புவது எது என்பதைச் சுவீடனின் உப்சாலாவில் உன்ஸ்தாமும் சோடர்ஹாலும் நன்னீர் இறாலினமொன்றில் ஆராய்ந்தனர். பங்கசின் கலச்சுவரிலிருந்து கரைந்துவரும் ஒருவகை வெல்லத்தொடரே போதும், உயிருள்ள பங்கசு வேண்டியதில்லை என்பதை 1977இல் வெளியிட்டனர். பகைவன் வராமலே பகைவனின் மேலங்கியைக் காட்டி ஊரை எழுப்பிவிடலாம் என்பதே இதன் பொருள். மூலிகையாற் 'தூண்டுதல்' என்ற கருத்துக்கு இதனிலுந் தெளிவான அடிப்படை இல்லை எனலாம்.

இவ்வறிவு நம் வாவியில் வேரூன்றி வளர வாய்ப்பிருந்தது. எழுவான்கரையிலுள்ள ஏறாவூருக்கு அண்மையிலே, வந்தாறுமூலையில், 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அதே காலப்பகுதியிற் படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் இறால் பண்ணையும் இயங்கியது. 1987 சனவரியில் அப்பண்ணையின் தொழிலாளர் பலர் கொல்லப்பட்டனர். போர்ச்சூழலிலே கிழக்கின் இறால் வளர்ப்பு நின்றுபோக, அத்தொழில் வடமேற்கே புத்தளம், சிலாபம் ஆகிய பகுதிகளிற் பெருகிற்று. அங்கு 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் புகுந்து பண்ணைகளை அழித்தது. அந்நோயின் வைரசுக்கு மருந்தில்லை. பிறபொருளெதிரி இல்லாத உயிருக்கு வழக்கமான தடுப்பூசியும் பொருந்தாது. எஞ்சியது ஒன்றே: உள்ள இயல்புக் காவலை முன்கூட்டியே விழிக்கச்செய்தல்.

இம்முயற்சியை முனைந்து செய்தவர்கள் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. தென்றமிழ்நாட்டிலே சிதராசு குழுவினர் அறுகு, வில்வம், சீந்தில், கடுகுரோகிணி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் சாற்றைப் புலியிறாலுக்கு ஊட்டி 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். மேல்விசாரம் அப்துல் அக்கீம் கல்லூரியில் அறுகம்புற்சாறு 2008ஐ ஒட்டி ஆராயப்பட்டது. மதுரையில் மைக்கேல் குழுவினர் துளசி, தூதுவளை முதலியவற்றைத் திலாப்பியா மீனிற் சோதித்தனர்; 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் குளங்களில் நிறைந்துள்ள மீன் அதுவே. சாறு உண்ட உயிர்களில் தின்குழியங்களின் வேகமும் நொதியங்களின் செயலும் கூடின. பின்னர் நோய்க்கிருமியை ஏற்றியபோது, சாறு உண்ணாதவற்றிலும் உண்டவை மிகுதியாகப் பிழைத்தன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எச்சம் ஏற்றுமதிக்குத் தடையாயிருந்த அக்காலத்தில் இம்முடிவுகள் பெரிதும் வரவேற்கப்பட்டமை இயல்பே. ஆனால் தொட்டியிற் கண்ட வெற்றி பண்ணையில் அவ்வாறே கிட்டிவிடவில்லை. வெள்ளைப்புள்ளி நோய் இன்றும் இறால் வளர்ப்போரின் முதற் பகையாகவே உள்ளது.

இறாலை விட்டு மனிதரிடம் வரின், வரலாறு மேலும் சிக்கலாகின்றது. இதற்குச் சீந்தில் ஒன்றே போதிய சான்று. வேலிகளிலும் மரங்களிலும் படரும் இக்கொடியைச் சிங்களத்தில் ரசகிந்த என்பர். தமிழில் அமிர்தவல்லி என்ற பெயரும் உண்டு. தண்டை இடித்து நீரிற் கரைத்துத் தெளியவைத்து எடுக்கும் மாப்பொருளே சீந்திற்சர்க்கரை. நீரில் ஊறும் மாப்பொருள்களும் வெல்லத்தொடர்களுமே தின்குழியங்களை எழுப்பவல்லவை என்பதை நோக்கும்போது, பழைய கைமுறை குருட்டுத்தனமானதன்று எனத் தோன்றும். மும்பையின் கே.ஈ.எம். வைத்தியசாலையைச் சார்ந்த ஆய்வாளர்கள் 1980களில் இக்கொடியை விலங்குகளில் ஆராய்ந்தனர். பித்தக்குழாய் அடைபட்டு மஞ்சட்காமாலை கண்ட 30 நோயாளர்களுக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் இதனைக் கொடுத்துப் பார்த்து, குருதி நஞ்சாதல் குறைந்ததாக 1993இல் எழுதினர். அதே நகரின் பாபா அணுவாராய்ச்சி நிலையத்தார், சீந்திலிற் பிரித்தெடுத்த ஒரு வெல்லத்தொடர் பொய்ற்லர் கண்ட அதே வாங்கியின் வழியே பெருந்தின்குழியங்களை எழுப்புவதை 2009இற் காட்டினர். மெசினாவில் தொடங்கிய கதை இவ்வாறு நம் வேலிக்கொடியில் வந்து முடிந்ததென மகிழலாம் போலிருந்தது.

மகிழ்ச்சி முழுமையானதன்று. கொவிட் காலத்தில் இந்தியாவெங்கும் சீந்திலை நாடோறும் பருகினர். அவ்வாறு பருகியோருள் 6 பேருக்கு ஈரல் அழற்சி கண்டமையை 2021இல் அதே மும்பை நகரின் வைத்தியர்கள் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு, 13 மருத்துவ நிலையங்களிலிருந்து 43 பேரைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. அந்த அழற்சி பெரும்பாலும், உடல் தன் ஈரலையே பகையெனக் கருதித் தாக்கும் நோயை ஒத்திருந்தது. இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சு இதனை மறுத்து, வேறொரு சீந்தில் இனம் தவறிக் கலந்திருக்கலாம் என்றது. இரு பக்கத்து வாதமும் எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. 1993இல் ஈரல் நோயாளரைக் காத்ததாகக் கூறப்பட்ட கொடியும், 2021இல் ஈரலைக் கெடுத்ததாகக் கூறப்பட்ட கொடியும் ஒன்றே. கூறப்பட்ட காரணமும் ஒன்றே, நிர்ப்பீடனத் தூண்டல்! ஊரைக் காக்க அடிக்கும் பறை, பகைவன் இல்லாத இரவிலும் ஓயாது அடிக்கப்படின் அயலவரே அடிபடுவர்.

நிலவேம்பின் கதை இதனிலும் வேறானது. 2006இற் சிக்குன்குனியாவும் 2012இல் டெங்கும் பரவியபோது, ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரைத் தமிழ்நாட்டு அரசு மக்களுக்கு வழங்கியது. அச்செடி நிர்ப்பீடனத்தைத் தூண்டுவதாக 1993இல் இலக்னோ ஆய்வாளர்கள் எலிகளிற் கண்டனர். ஆனால் அதன் கசப்புப் பொருள் அழற்சியின் ஆளியையே தடுத்து அடக்குவதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எழுப்புவதும் அடக்குவதும் ஒரே செடியில்! டெங்கு நோயில் உயிராபத்து விளைவதற்கு, வைரசோடு உடலின் மிகையான எதிர்ப்பும் காரணமாகின்றது என்பதை எண்ணும்போது, அடக்குவதே பயனாகவும் இருக்கலாம். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதாகப் பதிவாயிற்று. அத்தகைய நோயில் 'தூண்டும்' என்ற ஒரு சொல்லை நம்பி மருந்து கொடுப்பது எத்துணைப் பொறுப்பற்ற செயல்! போதாக்குறைக்கு, தமிழில் நிலவேம்பு என்ற பெயரின் நேர்ச்சொல்லாகிய சிங்கள 'பிங்கொகொம்ப', முற்றிலும் வேறு குடும்பத்துச் செடிக்குரியது. ஈழத்தில் ஒருவர் எழுதிய குடிநீர்க் குறிப்பை மற்றொருவர் கடையில் வாங்கும்போது எச்செடி கைக்கு வருகின்றது என்பது சிறிய வினாவன்று.

இன்னொரு சங்கடமும் உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிர்ப்பீடனத்தைத் தூண்டுவதாகப் பேர்பெற்ற சில மூலிகைகளின் சாற்றைச் சோதித்து 2008இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. ஆய்வுகூடத்தில் அச்சாறுகள் பெருந்தின்குழியங்களை எழுப்பிய ஆற்றலிற் பெரும்பகுதி தாவரத்துக்குரியதன்று. தாவரத்தில் வாழ்ந்த பற்றீரியாக்களின் பொருள்களுக்குரியது. செடியைப் புகழ்ந்தோம், வேலைசெய்தது செடியில் ஒட்டியிருந்த கிருமி. மும்பை ஆய்வாளர்கள் தம் சீந்திற் பொருள் நுண்ணுயிர் சாராதது என்பதைத் தலைப்பிலேயே வற்புறுத்தியமைக்குக் காரணம் இவ்வையமே போலும்.

ஐயங்கள் இவ்வளவு இருந்தும், தாவரச்சாறு இயல்பு நிர்ப்பீடனத்தை எழுப்பி மனித உயிரைக் காப்பது இன்று மறுக்கவியலாத உண்மை. ஆனால் அது குடிநீராகவன்று. சில்லி நாட்டின் சோப்புமரப் பட்டையிலிருந்து பெறும் சபோனின், இராமோனின் பழைய பட்டியலுக்கு உறவான பொருள், அளவறிந்து தூய்மையாக்கப்பட்டுத் தடுப்புமருந்துகளிற் சேர்க்கப்படுகின்றது. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அக்கிப் புடைத் தடுப்பூசியிலும், 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஆபிரிக்கக் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்த மலேரியாத் தடுப்பூசியிலும் அது உண்டு. எந்தப் பொருள், எந்த அளவு, எந்த நாளில், எத்தனை முறை என்பன யாவும் அங்கு எழுதப்பட்டுள்ளன.

நம் பரிகாரிகளின் குடிநீருக்கு அவ்வாறான பதிவு இன்னும் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. வந்தாறுமூலையில் விலங்கியலுந் தாவரவியலும் கற்பிக்கப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவே வாவியும் அதன் இறாலும் உள்ளன. ஏறாவூர் வேலியொன்றில் வெட்டப்பட்ட சீந்திற்றண்டின் மாதிரியை உலர்த்திப் பெயரிட்டு வைத்தல், வெட்டிய மாதத்தையும் படர்ந்திருந்த மரத்தையும் குறித்தல், பரிகாரி காய்ச்சும் முறையிலேயே காய்ச்சி அளத்தல், சாற்றிற் பற்றீரிய நஞ்சு உண்டா எனச் சோதித்தல், அதன்பின் இறாலுக்கு ஊட்டிக் குருதிக்கலங்களை எண்ணுதல் என்ற வரிசையிலே தொடங்கலாம். பற்றீரிய நஞ்சைக் கண்டறியும் சோதனைக்கு உலகெங்கும் பயன்படுவதும் குதிரைலாட நண்டின் குருதியே. 1950களிலும் 60களிலும் பிரெடெரிக் பாங்கும் சாக் லெவினும் கண்டறிந்தவாறு, அந்நஞ்சு ஒரு துளி பட்டதும் அக்குருதி உறைந்துவிடும்.